கூடையில் இறங்கிய சீட்டுகள்

பெயர், தகப்பனார் பெயர்: இத்துடன் இணைத்துள்ள அடையாள அட்டை நகலில் கண்டபடி. வயது நாற்பத்து மூன்று. தொழில்: வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்குச் செவிலியர். விலாசம்: ரொட்டிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி, பின்பக்க வீடு. உடன் வசிப்பவர் என் கணவர். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு நானாக நிலையத்துக்கு வந்து, எழுத்தர் முன்னிலையில் சொல்வதாவது:

நான் இந்த நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். முதல் ஏழு வருடம் போகிற வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு வீடு, மிஞ்சிப் போனால் ஏழு. அதன் பிறகு எங்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இனி நீங்கள் மாதச் சம்பளக்காரர்கள் என்று சொல்லி ஆளுக்கொரு புதுத் தோள்பை கொடுத்தார்கள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கணவர் ஒரு வாரம் என்னை ஆபீசரம்மா என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். அடுத்த மாதமே ஆறு வீடு எட்டாயிற்று, அதன் பிறகு பத்து, இப்போது பதினொன்று. சம்பளம் அதேதான். வீட்டுக்கு வீடு நடக்கிற நேரமும் பேருந்துக்கு நிற்கிற நேரமும் வேலையில் சேராது என்றார்கள். எங்கள் மேற்பார்வையாளரும் முன்பு செவிலியராக இருந்தவர்தான். அவரிடம் போய்க் கேட்டேன். "சம்பளக்காரங்க மணி பார்க்கக் கூடாது சிஸ்டர்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் ஒரு சீட்டு உண்டு. வந்த நேரம், போன நேரம், பிரஷர், சர்க்கரை, புண் இருந்தால் அதன் நிலை எல்லாம் எழுதி, அடியில் நோயாளியின் கையெழுத்து வாங்க வேண்டும். சீட்டுப் புத்தகம் நோயாளியின் வீட்டிலேயே இருக்கும். கையெழுத்தில்லாத சீட்டு போகாத வீடு, அதற்குச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்குள் எல்லாச் சீட்டையும் அலுவலகத்துப் பெட்டியில் போட வேண்டும். யாரும் அவற்றைப் படித்து நான் பார்த்ததில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதோடு சரி.

இந்த விசாரணைக்கு உரிய நோயாளி, பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை அப்படியேதான் கூப்பிடுவார்கள், நான் ஐயா என்பேன். சர்க்கரை நோயால் இடது கால் பெருவிரலுக்கு அடியில் புண். தினமும் கட்டைப் பிரித்து, உப்புநீரில் கழுவி, பார்த்து, முகர்ந்து, புதுக் கட்டுப் போட வேண்டும். நாற்பது நிமிட வேலை. மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது, ஐம்பத்து நான்கு படி. அவர் மகள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளே கட்டுப் போடுவார். எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். என்னைவிட நிதானமாகப் போடுவார்.

முதல் இரண்டு மாதம் நான் தினமும் படியேறினேன். அதன் பிறகு ஒரு மழை நாளில் முழங்கால் வீங்கி, கீழேயிருந்து போன் செய்து, ஐயா, இன்று ஐந்தாவது வீட்டிலேயே மணி இரண்டாகிவிட்டது என்று சொன்னேன். வர முடியாது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். அவர் பால் வாங்க வைத்திருக்கும் கூடையைக் கயிற்றில் இறக்கினார். உள்ளே ஒரு வெற்றுச் சீட்டு, அடியில் அவர் கையெழுத்து. மேலேயிருந்து, "டிப்போல டிரைவருங்களுக்கு இப்படித்தான் முன்னாடியே போட்டு வச்சிடுவேன். சீட்டுக்காக வண்டி நிக்கக் கூடாது பாருங்க. நீங்க கெளம்புங்க சிஸ்டர்" என்றார். நான் சிரித்தேன். அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் முந்தின நாள் எழுதியதை நினைவிலிருந்து எடுத்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதினேன். ஆறு மணிக்கு முன்பே பெட்டியில் போட்டேன்.

மறுநாள் ஏறினேன், புண் நன்றாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் கூடை இறங்கியது, பிறகு இரண்டு நாள். கடைசியாக ஒரு சனிக்கிழமை நான் கட்டுப் போட்டு முடித்ததும் அவர் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே பத்துச் சீட்டுகள், பத்திலும் கையெழுத்து. வேண்டாம் ஐயா என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளும் நான் படியேறவில்லை. அந்த வாரம் வேலையை விட்டுப் போன ஒருவருடைய வீடுகளையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். தெருவில் நின்று அண்ணாந்து, கால் எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்பேன். அவர் ஜன்னலிலிருந்து, "வலியே இல்ல, நீங்க ஓடுங்க" என்பார். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி செத்துப்போகும், வலியில்லை என்பது அவர்கள் விஷயத்தில் நல்ல செய்தி அல்ல. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மற்ற நோயாளிகளுக்கு நானே வாய் ஓயாமல் சொல்கிற பாடம் அது. தெரிந்துகொண்டே ஓடினேன். மகள் தினமும் மாலையில், அக்கா வந்தார்களா என்று கேட்டிருக்கிறார், வந்தார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று பெற்ற மகளிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினேன் என்பதே சரி. அங்கேயே சுவரில் சீட்டை வைத்து, கட்டு மாற்றப்பட்டது, புண் சுத்தம், நோயாளி உற்சாகமாக இருக்கிறார் என்று எழுதினேன். முந்தின நாள் மாலை மகள் வீட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம் தெரிந்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, அக்கம்பக்கத்தார் தூக்க, அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். நான் உற்சாகம் என்று எழுதிய நேரத்தில் அவர் அறுவைச் சிகிச்சை மேசையில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைச் சீட்டைக் கண் முன்னாலேயே கிழித்தார். "மத்த சீட்டெல்லாம் சரியா இருக்கு. நீங்க போனீங்க, பார்த்தீங்க, சுத்தமா இருந்துச்சு. பேசாம இருங்க" என்றார். அதன் பிறகு, மருத்துவமனை கொடுத்த தகவலின்பேரில் இந்த நிலையத்திலிருந்து விளக்கம் கேட்டபோது, வியாழன் வரை புண் சுத்தமாக இருந்ததற்குச் சீட்டுகள் உள்ளன, ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில்லாத மகள் கட்டுப் போட்டதே காரணமாக இருக்கலாம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நோயாளியும், சிஸ்டர் தினமும் வந்தார் என்றே உங்களிடம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். நடைபாதையில் அவர் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஞாயித்துக்கிழமை நான்தான் சரியா கட்டலையா? இறுக்கிட்டேனா? நீங்களாவது நெஜத்தச் சொல்லுங்கக்கா" என்று கேட்டார். கையை விடுவித்துக்கொண்டேன். அவரைத் தாண்டி உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் யாரோ பழக்கத்தில் இரண்டு செருப்பையும் ஜோடியாக வைத்திருந்தார்கள். ஐயா என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "சீட்டு மிச்சம் இருக்கா சிஸ்டர்? பத்தலைன்னா போட்டுத் தரேன்" என்றார். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தபோது மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்காமல் படியிறங்கினேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

இதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எழுத்தர் கேட்டதற்குச் சொல்வது: பதினொரு வீடு என்பது உண்மை. அதைக் குடையாகப் பிடித்து ஒதுங்கிக்கொள்ள நான் வரவில்லை. ஆனால் அதை எழுதாமல் விட்டால் அதுவும் பொய்ச் சீட்டாகிவிடும், அதனால் எழுதச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் பையிலும் இப்படி உறைகள் உண்டா என்று கேட்டீர்கள், அதை அவர்களே சொல்லட்டும். என் செவிலியர் பதிவு ரத்தாகலாம் என்று எடுத்துச் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டேன். மகள் போட்ட கட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வியாழன் வரை அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதியவள் நான். இந்த ஒரு வரியின் நகலை மட்டுமாவது அந்த மகளிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்து மட்டும் உள்ள மிச்சம் ஐந்து சீட்டுகளையும் உறையோடு ஒப்படைத்துவிட்டேன்.

எழுத்தர் இதை முழுவதும் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தவை. கையெழுத்துக்கு இந்தத் தாளை நீட்டியபோது இந்த வரிக்கும் தாளின் அடிக்கும் நடுவே நான்கு விரல் இடம் காலியாக இருந்தது. அதில் குறுக்குக் கோடு போட்டு அடைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். எழுத்தர் கோடு போட்டார். அதன் பிறகு போட்டேன்.

(கையெழுத்து)