உரிமையாளர் நேரில் வர வேண்டும்

— ஏலாதுன்னு சொல்லுங்க மகள். போன மாசம் வாய் நிறைய ஏலாதுன்னுதானே சொன்னீங்க?

— சுபைதாம்மா, அது போன மாசம்ங்க. இப்ப கொம்பனி ஒத்துக்கிருச்சு. கியர்பாக்ஸ வாரண்டியில புதுசாவே மாத்தித் தாறோம். சந்தோசமா வீட்டுக்குப் போங்களேன்.

— எப்படி ஒத்துக்குவாங்க? பண்டாரவளையில வெளிக் கராஜ்ல சேர்விஸ் பண்ணினா ஒப்பந்தம் செல்லாதுன்னு என்ட மூஞ்சிக்கு நேரதானே சொன்னீங்க? கார் ஓட்டுற அஸீஸ் தெரியாமக் கொண்டுபோனான்னு எவ்வளவு கெஞ்சினேன்!

— கெஞ்சினீங்களா? நல்லாருக்குங்க! "கார் விக்கிற நேரம் தேனாப் பேசினீங்க, இப்ப தேளாக் கொட்டுறீங்க"ன்னு பதுளை டவுனுக்கே கேக்குற மாதிரி ஏசினீங்க. வாரண்டி கேட்டு இந்த மேசையில தட்டாத ஆளில்ல. வேணாம்னு தட்டுற மொத ஆளு நீங்கதாங்க.

— கூட ஒண்ணு சொன்னீங்களே, அது எங்க போச்சு? கார் யார் பேருல ஈக்கோ, அந்த ஆளே நேர்ல வந்து கையெழுத்து வைக்கணும்னு?

— ஆமாங்க. பெரச்சினைன்னு வந்துட்டா காருக்குச் சொந்தக்காரரே வரணும். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு.

— அப்ப என்ட மகன் அஸ்ஹர் பேருலதானே கார்? வராட்டி ஒண்ணும் நடக்காதுன்னு அவனுக்குக் கண்டிப்பா சொல்லுங்க நிஷாந்தினி மகள். நல்லாப் பயங்காட்டிச் சொல்லுங்க.

— நீங்களே போன்ல ஒரு கோல் எடுத்து "வா மகன்"னு சொன்னா வரமாட்டாரா?

— எந்த வாயால கூப்பிடுற? நான் பேசி வச்ச பொண்ண விட்டுட்டு, ரிஸ்காவ நிக்காஹ் செஞ்சு கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். "இந்தப் படிய மிதிக்காத"ன்னேன். கார் சாவிய ஜன்னல்ல வச்சான். "கிளினிக் போக உதவும் உம்மா"ன்னான். போனவன்தான். நெல்லக் கொட்டினா அள்ளலாம், சொல்லக் கொட்டினா அள்ள ஏலுமா?

— அதுக்குப் பெறகு பேசவே இல்லியா?

— ஒரு சலாம் இல்ல. பெருநாளைக்கு வட்டிலப்பம் செஞ்சா அவன் பங்க எடுத்து வைப்பேன். ரெண்டு நாள் பாத்துட்டு அடுத்த வீட்டுக்குக் குடுப்பேன். இந்தக் கார் நடுரோட்டுல நின்னுச்சே, அஸீஸுக்கு அழுகை வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்.

— கார் பழுதானதுக்கா?

— இத வச்சாவது அவன் பதுளைக்கு வருவானே! திருத்தின கார வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவானே! நான் கூப்பிட்ட மாதிரியும் இல்ல, அவன் தோத்த மாதிரியும் இல்ல. நீங்க ஏலாதுன்னு சொல்லச் சொல்ல, மனசுக்குள்ள அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிக்கிட்டுத்தான் வெளிய ஏசிக்கிட்டு நின்னேன். எனக்கு கியர்பாக்ஸ் வேணாம் மகள். என்ட புள்ளையப் பாக்கணும்.

— அம்மா, அழாதீங்க. தண்ணி குடிங்க. கையெழுத்தில்லாம கொம்பனி ஒத்துக்காதுங்க.

— அதத்தானே நானும் சொல்றேன்!

— அதில்லம்மா. கையெழுத்து வந்துருச்சு. நாங்க அவருக்கு அறிவிச்சதும் போன செவ்வாய்க்கிழமை அவரே வந்து வச்சிட்டுப் போனாரு.

— இங்கயா? என்ட அஸ்ஹரா?

— நீங்க ஒக்காந்திருக்க கதிரையிலதாங்க. சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு, எனக்குத்தான் மனசு கேக்கல. மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காரு. எறங்கி வரப் பயந்துக்கிட்டு மேல் ரோட்டுலயே நின்னாராம். நீங்க உடுப்பு காயப்போட வெளிய வந்து அவரப் பாத்தீங்களாம். "உம்மாட கோவம் இன்னும் போகல"ன்னாரு. அப்படியே பஸ் ஏறிட்டாரு.

— நான் பாத்தேனா? செவ்வாய்க்கிழமையா? யா அல்லாஹ்... தாடியும் அதுவுமா, மெலிஞ்சுபோய் ஒரு ஆள் மேல நின்னு என்னையே பாத்துக்கிட்டு ஈந்தாரு. யாரோ எவரோன்னு பயந்துபோய் நான்தானே மகள் கதவ அடைச்சேன்!