‘போயிட்டு’ என்னும் ஒரு சொல்லால் எங்களைக் காத்த பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு

அறுபதாயிரம் வோல்ட்டை அரைக்கைச் சட்டையோடு அடக்கியாண்ட அண்ணாச்சியே! சுருளுக்கும் மின்தேக்கிக்கும் சம்பந்தம் பேசி முடித்த சான்றோரே! சுனாபட்டி ஈன்ற சூரரே! சோதனை மேசையின் சோர்வறியாச் சிங்கமே! தங்கள் பணிநிறைவு நாளில் செம்பூர்ப் பட்டறையின் உயரழுத்தப் பிரிவினர் வணங்கி வாழ்த்துகிறோம்.

இம்மடலைத் தமிழில் படிக்க வல்லார் எங்களுள் ஒரு சிலரே. ஏனையோர் எங்கே கைதட்ட வேண்டும் என்று மன்சூர் அலி சைகை காட்டுவார். தவறான இடத்தில் தட்டினால் பொறுத்தருள்க!

எக்ஸ்ரே கருவிகளுக்கு உயரழுத்த மின்வழங்கி செய்வது நம் தொழில். அதில் சுருளும் மின்தேக்கியும் ஒத்து அதிர, மின்னோட்டம் சுழியத்தைத் தொடும் கணம் பார்த்துச் சுவிட்சு மாற வேண்டும். பொருந்தினால் சூடில்லை, பிசகினால் புகை. “வண்டி நின்ன பொறவு எறங்குல, ஓடும்போது குதிக்காத” என்று இந்நுட்பத்தை ஒரே வரியில் உரைத்தீர்கள். உரைத்த தாங்களோ அன்றாடம் ஓடும் வண்டியிலிருந்து குதித்தே செம்பூரில் இறங்கினீர்கள்! நம் கருவிகளின் அதிர்வு மனிதச் செவிக்கு எட்டாது. மதியச் சோற்றுக்குப் பின் கண்ணயர்ந்து தாங்கள் எழுப்பிய அதிர்வு பக்கத்துத் தையற்கூடம் வரை எட்டியது. மோட்டார் பழுதா என்று அவர்கள் கேட்டு அனுப்பியதும் உண்டு.

மின்சாரத்தை நிறுத்தினாலும் மின்தேக்கியில் உயிர்கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கும். தரைக்கம்பியால் தொட்டு அதை இறக்கிவிட்டு, “போயிட்டு” என்பீர்கள். நெல்லைத் தமிழில் ‘போய்விட்டது’ என்று பொருள். மாதுங்காவிலிருந்து வந்த, நெல்லைப் பேச்சறியாத எங்கள் பொறியாளர் ருக்குவோ முதல் நாள் அதைக் கேட்டு, மீதி வாக்கியத்துக்காகக் காத்து நின்றார். வரவில்லை. வாசல்வரை நடந்து திரும்பினார்.

“போயிட்டு வந்துட்டேன் சார். அடுத்து என்ன பண்ணணும்?”

“எம்மா, சார்ஜு போயிட்டுன்னுல்லா சொன்னேன்! ஒன்னய யாரு போவச் சொன்னா?”

அன்று சிரித்தோம். பின்னர் அச்சொல்லே எங்கள் உயிர்க்காப்பு ஆயிற்று. தமிழறியாத தப்ரேஸும் “போயிட்டு ஹோ கயா க்யா?”, அதாவது ‘போயிட்டு’ ஆயிற்றா, என்று கேளாமல் பெட்டிக்குள் கைவைத்ததில்லை. நிர்வாகம் அண்மையில், மின்னூட்டம் இறங்கியதும் எரியும் பச்சை விளக்கொன்றைப் பொருத்தியது. விளக்கு எரிகிறது, நாங்கள் தங்கள் முகத்தைப் பார்க்கிறோம். விளக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எங்களைத் திட்டியதில்லை, ஆகவே நம்பிக்கை வரவில்லை.

சென்ற வெள்ளியன்று கடைசிச் சோதனை. கம்பியால் தொட்டீர்கள். சொல் வரவில்லை. சாப்பாட்டு வேளை கடந்தும் கைகட்டி நின்றோம். இறுதியில், “இனிமே பச்ச லைட்டு சொல்லும்லா? கல்யாண்ல மக பானுமதி வீட்டோட இருந்துக்கிடுதேன். இந்தப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியேறினீர்கள். விளக்கின் மேல் கோபமோ, எங்கள் மேலோ, அறியோம். எங்களுக்கு வலித்தது. அந்தப் பெட்டியை இன்றுவரை எவரும் தொடவில்லை.

திட்டித் திட்டியே எங்களைத் தீங்கின்றிக் காத்த தீரரே! முழங்கால் வலி முற்றும் நீங்கி, சர்க்கரை சற்றே இறங்கி, பேரப்பிள்ளைகள் புடைசூழப் பல்லாண்டு வாழ்க! ஓடும் வண்டியிலிருந்து மட்டும் இனிக் குதிக்காதீர்!

ஒரே ஒரு விண்ணப்பம். இத்தனை ஆண்டுகள் தாங்கள் பாதியில் நிறுத்திய அந்த வாக்கியத்தை, அன்று ருக்கு காத்து நின்ற அந்த வாக்கியத்தை, இன்று இம்மேடையில் முடித்து வையுங்கள். “போயிட்டு வாறேன்” என்று சொல்லுங்கள்.

அதுவரை இங்கே ஒருவரும் கேசரியில் கைவைக்க மாட்டோம்.

கைகட்டி நிற்கும்,
உயரழுத்தப் பிரிவினர்,
செம்பூர், மும்பை.