மாயன் பொம்மையும் தேங்காய் எண்ணெயும்

மண்பொம்மையில் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் கிழியாமல் தானே கழன்று வந்துவிடும்.

நடந்தது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தொடங்கியது. என் கைப்படவே எழுதித் தந்துவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் இசக்கித்துரை என்றால் பழம்பொருள் பார்த்துச் சொல்கிறவர் என்று உங்களுக்கே தெரியும். சென்னையில் ஒரு மியூசியத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கரிவலத்திலிருந்தும் சிவகிரியிலிருந்தும் செப்புக்காசு, வெண்கல விளக்கு என்று எதையாவது மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "டூப்பு" என்பேன். அவர்கள் முகம் தொங்கிப்போகும். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவைகூட நான் சொன்னது தப்பியதில்லை.

சங்கரபாண்டியன் என் மனைவி சண்முகசுந்தரியின் தம்பி, கப்பலில் சமையல்காரன். புது வீட்டு ஹாலில் வைக்க, மெக்சிகோ துறைமுகத்துக் கடையில் அந்தப் பொம்மையை வாங்கி வந்தான். சம்மணம் போட்ட ஒரு ராஜா. தலையில் இறகு, காதில் தோசைக்கல் அளவு தோடு. ஆவணியில் பால்காய்ப்பு. சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் இருக்கும்போது அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

"அத்தான், ஒரிஜினலா டூப்பான்னு பாத்துச் சொல்லுங்க. மியூசியத்துல பை வாங்கி வச்சு டோக்கன் குடுத்தவருல்லா, தெரியாமலா இருக்கும்?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

டூப்பு என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டது. பை வைக்கும் இடத்துக்கு அடுத்தாற்போல்தான் மியூசியத்தின் பரிசுப்பொருள் கடை. இருபத்திரண்டு வருடம் நகல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசலைப் பார்க்கத்தான் மாடி ஏறியதில்லை. ராஜாவின் காதோரம் அச்சில் வார்த்த கோடு நூல் போல ஓடியது. பழசாகத் தெரிவதற்கு இடுக்குகளில் மட்டும் கறுப்பு தேய்த்திருந்தார்கள். அடியில் ஸ்டிக்கர் வேறு: அலங்காரப் பொருள், மெக்சிகோவில் செய்தது. "ரெண்டு நாள் குடு மாப்ள, பாத்துச் சொல்லுதேன்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் விட்டேன்.

மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். "ஆயிரத்து எரநூறு வருசம் இருக்கும். மாயன் செஞ்சது."

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் குனிந்து பார்த்தார். "எந்த மாயன்? சூளை வச்சிருந்த மாயனா? அவன் செத்தே பத்து வருசந்தான ஆச்சு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரிலேயே உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது அந்த அம்மாள் ஒருவர்தான்.

சங்கரபாண்டியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொம்மையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். கீழே, 'மதிப்பீடு: என் அத்தான்' என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது உண்மை. அதற்குள், வெளிநாட்டுப் புராதனச் சிலையைக் கடத்தி வந்திருக்கிறான் என்ற மொட்டைக் கடிதம் உங்களுக்குத் தபாலில் போய்விட்டது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோதே நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் விசாரித்த தொல்பொருள்காரர்களுக்குப் பாண்டியர் காலம் தெரிந்தது, மெக்சிகோப் பக்கத்துப் பழைய மாயர் காலம் தெரியவில்லை. அதனால் என்னிடமே வந்தீர்கள். அசல்தான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவன் உள்ளே போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. கப்பல் வேலையும் போய்விட்டது. "நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்கல்லா" என்று சுந்தரி தினமும் அழுகிறாள். சோறு மட்டும் நேரத்துக்கு வைத்துவிடுகிறாள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஒரு அம்மா வருகிறாராம், மெக்சிகோவிலேயே படித்தவராம். பார்த்ததும் டூப்பு என்பார். இசக்கித்துரை ஏமாந்துவிட்டான் என்று ஊர் சிரிக்கும். அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள்: அது டூப்பு என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். வெறும் பை வாங்கி வைத்தவனுக்கு இவ்வளவு தெரியுமா?

மாப்பிள்ளையை விடுவது உங்கள் விருப்பம். ஸ்டிக்கரை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு முனைகூட மடங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் கொடுத்த பொருள் எதுவும் சேதமானதில்லை, ஐயா. வாங்கிக்கொண்டதற்கு மறக்காமல் ஒரு டோக்கன் கொடுத்தனுப்புங்கள்.