உன் கிழவன் கதவைத் திறக்க மாட்டேங்கிறான்

ஹலோ… ஹலோ, மீரிம்? … ஆமா, உன் அண்ணன்தான். திலெக்தான். … சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அதெல்லாம் ஆச்சு. முதல்ல நான் சொல்றதைக் கேளு. உன் கிழவன் கதவைத் திறக்க மாட்டேங்கிறான்! … எந்தக் கிழவனா? நீ செஞ்ச விளையாட்டுல, கணவாய் உச்சியில கதவு வச்ச கூடாரம் போட்டு உக்காந்திருக்கானே, அந்தத் தாடிக்காரன்தான்!

… இல்ல, தொங்கல. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. நாள் முழுக்க ஊரான் போனைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பாக்குறவன் நான். எது தொங்குது, எது அடம் பிடிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? இது அடம். சுத்த அடம். காலையிலேருந்து அந்தப் பொண்ணையும் அவ நாயையும் பனியில இழுத்துக்கிட்டு மலை ஏறியிருக்கேன். நாய்க்குக் கால்ல அடிபட்டப்போ… சரி, அழுதேன், போதுமா? சிரிக்காதே. … சிரிக்கலையா? அப்ப என்ன சத்தம் அது? … சளியா? சுடுதண்ணி குடி.

… ஆமா ஆமா, அதைத்தான் சொல்ல வர்றேன். மேல போனா அந்தக் கிழவன் பொண்ணைப் பாக்கவே இல்ல. திரையிலேருந்து நேரா என்னைப் பாக்குறான். "திலெக், அவ நிக்கட்டும். உன் உலகத்துல நீ பேசாம விட்ட ஆள் யாரு?"ங்கிறான். நானும் சும்மாதானேன்னு அப்பான்னு அடிச்சுத் தொலைச்சேன். … ஆமாடீ, அதுதான் தப்பு! பள்ளிக்கூட வாத்தியார் எவன் பேரையாச்சும் போட்டிருக்கணும். "இப்பவே அவருக்குப் போன் பண்ணு, நான் காத்திருக்கேன்"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டான். உள்ள உக்காந்து டீ ஊத்துறான். குடிக்கிறான். மறுபடி ஊத்துறான். வயிறா அது?

… ஏமாத்திப் பாத்தேன்தான், பாக்காம இருப்பேனா? போனைக் காதுல வச்சுக்கிட்டுச் சுவர்கிட்ட "நல்லாருக்கீங்களாப்பா"ன்னு குழைஞ்சேன். "திலெக், ஒரு குரல்தான் கேக்குது"ங்கிறான்! மைக்கைத் திறந்து வச்சு வேவு பாக்குதா உன் சனியன்? … சரின்னு லக்மான் நூடுல்ஸ் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு, "அப்பா, ஒரு தட்டு லக்மான் அனுப்புங்க"ன்னேன். கடைக்காரன் "எவன்டா உனக்கு அப்பா"ன்னு வச்சுட்டான். … நீ சிரிக்கவே இல்லையே. வழக்கமா இதுக்கெல்லாம் உருண்டு உருண்டு சிரிப்பே.

… பண்ணேன்! நிஜமாவே பண்ணேன், போதுமா? வசந்தத்துலேருந்து பேசாதவன் இன்னைக்குப் பண்ணேன். நாளைக்கு ஜெர்மனிக்குப் போட்டிக்கு அனுப்பணும், கடைசி வரைக்கும் ஆடிப் பாத்துச் சொல்லுண்ணான்னு நீதானே கெஞ்சினே? அது முடியணுமேன்னுதான் பண்ணேன். வேற ஒண்ணும் இல்ல. … எடுத்தது அப்பா இல்ல. அத்தை. அவர் போனை அத்தை எடுக்குறா. "குதிரைக்குத் தண்ணி காட்டப் போயிருக்கார்"ங்கிறா. எந்தக் குதிரைக்கு? இருந்த ஒரே குதிரையை உன் கம்ப்யூட்டருக்காக வித்தாச்சே! என் குதிரை! பல்லு விழுந்து முளைக்கிற வயசுல, இது திலெக்கோடதுன்னு ஊர் முன்னாடி எனக்குக் கொடுத்தது! விக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? … உன்னைச் சொல்லலை. … உன்னைச் சொல்லலைன்னு சொல்றேன்ல, நீ ஏன் அழுவுற?

… மறுபடியும் பண்ணேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டு எசென்பெக் எடுக்குறான். "அப்பா தூங்குறார்"ங்கிறான். தண்ணி காட்டப் போனவர் எப்பத் தூங்கினார்? பின்னாடி ஒரே கூட்டம். பாத்திரம் உருளுது, பொம்பளைங்க குரல், கார் வந்து நிக்குது. ஊரையே கூட்டி விருந்து நடக்குது, என்னைக் கூப்பிடலை! சரி, எனக்கென்ன. பேசாதவனுக்குப் பந்தியில எதுக்கு இடம்?

… எங்கேயும் போகல. வீட்டுலதான் இருக்கேன். நீயும் அதையே சொல்ற, பெரியப்பாவும் அதையே சொல்றார். "வெளியே போகாதே, நாங்க வர்றோம்"ன்னு காலையிலேயே போன். கூட இன்னும் ரெண்டு பெரியவங்களாம். என் ஹீட்டரைப் பாக்கணுமாம். நம்ம ஊரு கொச்கோர்லேருந்து இங்க பிஷ்கெக் வரைக்கும் ஒரு ஹீட்டரைப் பாக்க மூணு கிழவங்க எதுக்கு? … சரி, சரி, கோவப்படலை. டீ போட்டுக் கொடுக்குறேன். மரியாதையாத்தான் பேசுவேன்.

இரு, உன் ஆபீஸ்ல என்ன ஆடு கத்துது? … விளையாட்டுக்குப் பதிவு பண்ணினதா? … ஓ. நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல நிக்கிற மாதிரி.

சரி விடு மீரிம். எனக்கு அலுத்துப் போச்சு. அப்பாவே பேசினாத்தான் கிழவன் திறப்பான் போல. இதைத் தாண்டிப் போக நீங்க செய்யறவங்க ஏதாச்சும் வழி வச்சிருப்பீங்களே, அதையாவது சொல்லு. … எஃப் எட்டு பட்டனா? … அமுக்கினா கதவு திறந்துடுமா? பேசவே வேணாமா?

இரு, இரு, இரு. நீயா சொல்ற இதை? போன மாசம் உன் கூட்டாளிங்க ரெண்டு பேரோடயும் இதுக்காகத்தானே சண்டை போட்டே? இந்த இடத்தைத் தாண்ட விட்டா இது என் விளையாட்டே இல்ல, அனுப்பவே வேணாம், கொளுத்திடுங்கன்னு கத்துனவ நீ. எவன் அழுதாலும் திட்டினாலும் விடமாட்டேன்னவ, எனக்கு மட்டும் ஏன் விட்டுக் கொடுக்குற? இதை நீ எனக்காகத்தான் வச்சேன்னு எனக்குத் தெரியாதா? நானும் அப்பாவும் பேசணும்னுதானே இந்தக் கிழவனை உக்கார வச்சே? … இப்ப என்னடான்னா, போன் பண்ணாதேண்ணாங்கிற. அப்புறம் பேசிக்கலாங்கிற. ஆளாளுக்கு என்னை முட்டாளாக்குறீங்க. எசென்பெக் போனை வைக்கும்போது பின்னாடி யாரோ கத்துனாங்களே, பனி வருது, கூடாரத்தை இழுத்துக் கட்டுங்கடான்னு, அதையும் உன் விளையாட்டுச் சத்தம்னு சொல்லுவியா…

…

மீரிம்.

நவம்பர் மாசத்துல, அப்பா வீட்டு வாசல்ல, எதுக்குக் கூடாரம் கட்டுறாங்க?

… இல்ல. கல்யாணத்துக்கு இல்ல. விருந்துக்கும் இல்ல. இந்தக் குளிர்ல நம்ம ஊர்ல ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வாசல்ல கூடாரம் ஏறும். செத்தவங்களைக் கிடத்துறதுக்கு.

… நீ ஆபீஸ்ல இல்ல. நீ அங்க இருக்க. அந்த ஆடு நம்ம வீட்டு ஆடு.

… சொல்லாதே! வாயைத் திறக்காதே மீரிம்! நீ சொல்லக் கூடாது. அதுக்குத்தான் மூணு பேர் பனியில வர்றாங்க, அவங்க சொல்லட்டும். பெரியப்பாகிட்டேருந்து அதைப் பிடுங்காதே. சாவு சொல்ல நானே ரெண்டு வீட்டுக்கு இப்படிப் போயிருக்கேன். டீயைக் கையில வச்சுக்கிட்டு, ஆடு மாடு நலம் விசாரிச்சுக்கிட்டு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு… அந்த வீட்டுக்காரங்களும் தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தாங்களோ என்னவோ. நானும் உக்காந்துக்கிறேன். தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன்.

… அழு. இப்ப அழு. எவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தே?

… குதிரையா? குதிரை எங்கேயோ போகட்டும்டீ! மன்னிப்பா கேப்பே இப்ப? கழுதை!

… நான் வர்றவரைக்கும் எடுத்துடாதீங்க. வாசல்ல கம்பு ஊணி நின்னு, வர்றவங்க கேக்குற மாதிரி அப்பான்னு கத்தி அழ வேண்டிய மகன் நான். என் இடத்துல எசென்பெக்கை நிறுத்திடாதீங்க. அத்தைகிட்ட சொல்லிடு.

… பெல் அடிக்குது. … ஆமா, அவங்கதான். … இரு, வைக்காதே. இரு.

விளையாட்டு முடியணுமேன்னு பண்ணேன்னு சொன்னேன்ல, அது பொய். சுவர்கிட்ட அப்பான்னு சொன்னதுமே அவர் குரலைக் கேக்கணும்னு ஆயிடுச்சு. அப்புறம் நான் நிஜமாவே பேசத்தான் பண்ணேன் மீரிம். திட்ட இல்ல. குதிரையைப் பத்திக் கேக்க இல்ல. சும்மா, பேச.

நீ இப்பவே கூடாரத்துக்குள்ள போ. போய் அவர் பக்கத்துல உக்காந்து, திலெக் போன் பண்ணினான்னு சொல்லு. … கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? சத்தமா சொல்லு! … ஆமா. ரெண்டு தடவை பண்ணினான்னு சொல்லு.

… வர்றேன் பெரியப்பா! இதோ வந்துட்டேன்! … வைக்கிறேன்.