சூடம் அணைத்த வாய்க்கால்

— டிராக்டர் சத்தம்னு நேத்தும் போன்ல சொன்னீக. லெபனான்ல ராப்பகலா உழுகிறாகளாக்கும்?

— சரி, குண்டுதான் முனீஸ்வரி. ஊருக்கு அங்கிட்டு விழுகுது. வாழைத்தோப்புல ஒண்ணுமில்ல.

— டிவில அந்த சூர் பட்டணத்தக் காட்டுறப்பல்லாம், "சுருளிராஜன் இருக்கானா"ன்னு நம்ம கோம்பை ஊரே எங்கிட்டக் கேக்குது. மொதலாளி எங்க?

— குடும்பத்தோட மலைப்பக்கம் போயிட்டாரு. தோப்புச் சாவி எங்கிட்டத்தான்.

— நல்லாருக்கு. தோப்புக்காரரு ஓடிட்டாரு, கூலிக்காரன் காவலு.

— வந்துருவாக புள்ள. இந்த ஊருக்கு இதென்ன புதுசா? அந்தக் காலத்துல இது தீவாம். அலெக்சாண்டரு கல்லும் மண்ணும் கொட்டிக் கடலைத் தூத்து, நடந்து வந்து அடிச்சானாம். அப்புறம் சிலுவைப்படை, துருக்கிக்காரன், பிரெஞ்சுக்காரன்... வராத ஆளில்ல. இங்கன முகாம்ல பாலஸ்தீனத்துக் கெழவரு ஒருத்தரு. எழுபது வருசத்துக்கு முன்னாடி பூட்டுன வீட்டுச் சாவிய இன்னும் இடுப்புல வச்சிருக்காரு.

— அவருக்குத் திரும்ப வழியில்ல. ஒங்களுக்கு என்ன கேடு?

— தெரியாத மாதிரி கேக்காத. கருப்பசாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். என் வீட்டுப் பாதையில குறுக்க வெட்டுன எங்கண்ணன் வாய்க்காலை என் காலு தாண்டாது.

— ஒரு எட்டு வாய்க்கா. அதத் தாண்ட மாட்டாம கடலைத் தாண்டிப் போன வீரன் நீங்க ஒருத்தருதான்.

— எங்கண்ணன் அம்மாவாசி வந்து கூப்புடட்டும்.

— கூப்புடுவாகளா? அவுகளும் அதே ரத்தம்தான. நம்ம எம்பசில நாளைக்கு வண்டி விடுறாகளாமே, ஏறுவீகளா மாட்டீகளா?

— சாமி குத்தமாயிரும் புள்ள.

— நீங்க செத்தா சாமிக்குக் குளுகுளுன்னு இருக்குமாக்கும். சரி, தாண்ட வேணாம். நடந்து வாங்க.

— அதெப்பிடி?

— வாய்க்கா இல்ல. போன வாரம் டிவியப் பாத்தாக ஒங்கண்ணன். விடியமுன்ன மம்பட்டிய எடுத்தாக. ஒங்க அலெக்சாண்டரு செஞ்ச வேலையத்தான் செஞ்சாக. தூத்துட்டாக.

— ஏ! குலை தள்ளுற நேரமாச்சே. அவன் வாழைக்குத் தண்ணி?

— எலையெல்லாம் தொங்கிப் போச்சு. ரெண்டு கொடம் ஊத்தலாம்னு போனேன். விடல.

— என்ன சொன்னான்?

— "தம்பி வண்டி ஏறிட்டானா?"ன்னாக.