சாலைக்கு இந்தப் பக்கம்

"ஓடுங்கடி! கால்வா பக்கம் போவாதீங்க, அங்கயும் நிக்கிறானுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. பட் என்று ஒரு சத்தம். பிறகு சீறல். மறுபடி பட். கண்ணீர்ப்புகை என்று எனக்கு அப்போது தெரியாது. மிளகாய் மூட்டைக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இடுப்பில் என் மகள். ஒன்றரை வயது. அவள் அழவில்லை, இருமுகிறாள். முந்தானையால் அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறேன். பின்னால் பூட்ஸ் சத்தம். தடி தகரத்தில் பட்டால் ஒரு சத்தம், எலும்பில் பட்டால் வேறு சத்தம். இரண்டையும் கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோடை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையை ஒட்டி எங்கள் காலனி. மற்றவர்கள் சேரி என்பார்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் கம்பெனிகளில் பெருக்கினோம். குடிதண்ணீர்க் குழாய் சாலைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் வேறு சாதி. இந்தப் பக்கமும் குழாய் போடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டோம். போடவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குடத்தோடு சாலையைக் கடந்தோம்.

அன்று காலை அஞ்சலை கடந்தாள். பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவின் ஒரே மகள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவள். லாரி நிற்கவே இல்லை.

அவளைப் பாயில் கிடத்தினோம். சாலையில் உட்கார்ந்தோம். கலெக்டர் வரட்டும், குழாய் தருகிறேன் என்று சொல்லட்டும், அப்புறம் எடுக்கிறோம். அவ்வளவுதான் கேட்டோம். முந்தின மாதம் அந்தப் பக்கத்துக்காரர்கள் கரண்ட் இல்லை என்று இதே இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு போலீஸ்காரர்களே சோடா வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன். எங்களிடம் கலைந்து போ என்று ஒரு முறை சொன்னார்கள். இரண்டாவது முறை சொல்லவில்லை.

என் கணவர் தனபால் பாயை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பொண்ண வுடுங்க சார்! பெத்தவ கீறா, மொகத்த பாக்கட்டும்!"

அவரை அடித்துத் தள்ளினார்கள். அஞ்சலையைப் பாயோடு இழுத்து வேனில் போட்டார்கள். முனியம்மா அக்கா வேனின் கதவில் தொங்கினார். உதறிவிட்டுப் போனது வேன். அப்போதுதான் துப்பாக்கிச் சத்தம். டெய்லர் கோவிந்தன் அண்ணனுக்குப் போலியோ கால். எல்லோரும் எழுந்து ஓடினோம். அவர் எழவே இல்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டோம் என்று பிறகு சொன்னார்கள். குண்டு அவர் நெஞ்சில் இருந்தது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்துகிறேன். தனபால் பின்பக்கமாக வந்து சேர்கிறார். நெற்றியில் ரத்தம். கதவு ஒரே உதையில் விழுகிறது.

"தண்ணியாடா கேக்குறீங்க, சேரி நாயிங்களா!"

ஒருவன் தண்ணீர் டிரம்மை உதைத்துக் கவிழ்த்தான். வீடு முழுக்கத் தண்ணீர். அதிலேயே தனபாலைத் தள்ளி அடித்தார்கள். இடுப்பில். காதில். மறுபடி இடுப்பில்.

"கொழந்த கீது சார்! வுட்ருங்க சார்!"

நான் அவன் காலைப் பிடித்தேன். பூட்ஸ் என் கையை மிதித்தது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. தனபாலை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் தெருவில் சத்தமே இல்லை. எங்கும் உடைந்த குடங்கள். பச்சை, சிவப்பு, நீலம். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. குழந்தைக்குக் கொடுக்க ஒரு வாய்த் தண்ணீர் எந்த வீட்டிலும் இல்லை.

முனியம்மா அக்கா ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்தார். கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் வெளியே வந்தார். வயசானவர். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "எரிச்சிட்டாங்கம்மா. வூட்டுக்குப் போ" என்றார். எந்தச் சுடுகாடு என்று அவரும் சொல்லவில்லை.

தனபால் ஜெயிலிலிருந்து திரும்பினார். ஒரு காது கேட்கவில்லை. சிறுநீரில் ரத்தம். மூட்டை தூக்கிய மனிதரை நான் தூக்கி உட்கார வைத்தேன். பொங்கல் வருவதற்குள் போய்விட்டார். கிட்னி கோளாறு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் குழாய் போட்டார்கள். முனியம்மா அக்கா அதில் தண்ணீர் பிடித்து நான் பார்த்ததில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். "செத்தது ஒருத்தர்தானேம்மா?" என்றார். அஞ்சலை விபத்தாம். தனபால் நோயாம். கோவிந்தன் மட்டும்தான் கணக்காம்.

"மூணு பேரு சார்" என்றேன். அவர் எழுதவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

அஞ்சலை. பதினாறு வயது. சாம்பல்கூடக் கிடைக்கவில்லை.

கோவிந்தன். நாற்பது இருக்கும். காலனிப் பிள்ளைகளின் பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் அவர் தைத்தது.

தனபால். முப்பத்தொன்று. என் வீட்டுக்காரர்.

மூன்று பேர்.