வலையில் விட்ட வழி

வேட்டை ஓவியங்களைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். மான் ஆன்மாவைக் குறிக்கும், நாய் விசுவாசத்தைக் குறிக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் வலையைப் பார்ப்பேன். அதில் எங்காவது ஒரு வழி விட்டிருப்பார்கள். நாய்கள் குரைப்பது மானை அந்த வழிக்கு ஓட்டத்தான். வேட்டைக்காரன் வியர்க்காமல் அங்கே நிற்பான். எல்லாம் முடிந்ததும் செத்ததன் மேல் ஒரு காலை வைத்து ஓவியனுக்கு முகம் காட்டுவான். அந்தக் காலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஓடியது நாய், பேர் இவனுக்கு.

அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு இதை விளக்குவதுதான் என் வேலை. மேல்மாடியில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அக்கா கணவரின் வேலை. ஒருநாள் கூட்டத்தின் பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"மாப்ள, வேட்டையப் பத்தி இவ்வளவு பேசறியே, வீட்ல கரப்பான் வந்தா அக்காவைத்தானே கூப்பிடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் வாசல் காவலர்கூட, "வாங்க வேட்டைக்காரரே" என்றார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. தூக்கம்தான் போயிற்று. படுத்தால் கால் சும்மா இருக்காது. எழுந்து வீட்டுக்குள்ளேயே நடப்பேன்.

பிறகு, படங்களுக்குச் சட்டம் போடுபவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன்: "மேல இருக்கிறது அசலா நகலான்னு அத்தானுக்குத்தான் வெளிச்சம்." அவர் எழுத்தரிடம் சொன்னார், எழுத்தர் காவலர்களிடம். ஒரு நாய் குரைத்தால் போதும் என்பது ஓவியத்திலேயே இருக்கிறது. இயக்குநர் சோதனைக்கு வந்த அன்று, "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டே எல்லோரும் மாடியேறினார்கள். அத்தானுக்குத் தப்பிக்கப் பின்பக்க நடைவழிதான் மிச்சம். அங்கே விளக்கில்லை. லிஃப்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் வெறும் குழி. தடுப்புப் பலகையைக் காலையிலேயே நகர்த்திவிட்டு, கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

"இப்படி வாங்க அத்தான், படி இருக்கு."

"நல்லவேளை மாப்ள, நீயாவது இருக்கியே."

நான் அவரைத் தொடவே இல்லை.

"கரப்பானைக்கூட அடிக்க மாட்டியேடா" என்று, போலீஸ் என்னைப் பிடித்துப் போனபோது அக்கா அழுதாள். உண்மைதான். இதுவரை ஒன்றைக்கூட அடித்ததில்லை.

இன்று போலீஸார் என்னை அந்த நடைவழிக்கே கூட்டி வந்திருக்கிறார்கள். "அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லுப்பா, படம் எடுக்கணும்" என்கிறார் புகைப்படக்காரர். கீழே சிமெண்டில் கறை இன்னும் போகவில்லை. விலங்கு மாட்டிய கைகளால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். குழியின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அப்படி நின்றால்தான் வசதியாக இருந்தது.